ஜாலான் புசார் கடைக்காரர்களே, அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்

ஜாலான் புசாருக்கும் சிராங்கூன் சாலைக்கும் இடைப்பட்ட தெருக்களில் கடை, உணவகம், வாடகை அறைகள் நடத்தும் தமிழ் முதலாளிகளுக்கும், அவற்றைப் பார்த்துக்கொள்ளும் மேலாளர்களுக்கும்,



உங்கள் கடையின் மேல்மாடியிலோ பின்கட்டிலோ ஊழியர்கள் தங்கியிருக்கும் அறைக்குச் சோதனை வரும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பற்றித்தான் இந்த மடல். பெரும்பாலும் சாவியைக் கொடுத்துவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பிவிடுகிறீர்கள். மேலே யாருடைய பெட்டியைத் திறந்தார்கள், எதை எடுத்தார்கள், எதில் கையெழுத்து வாங்கினார்கள் என்று உங்களுக்குத் தெரிவதில்லை. தெரிந்துகொள்ள விரும்புவதும் இல்லை. அதிகாரிகள் போன பிறகு அந்தத் தம்பிகளைக் கேட்டால், "கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேண்ணே" என்பதற்கு மேல் அவர்களுக்கும் சொல்லத் தெரிவதில்லை.

இந்த வட்டாரத்து ஊழியர்கள் வார இறுதியில் கொண்டுவரும் கடிதங்களையும் அரசாங்கத் தாள்களையும் படித்துச் சொல்கிறவன் நான். அந்த வேலையில் எனக்குத் திரும்பத் திரும்பத் தென்படும் குறை ஒன்று உண்டு. கைத்தொலைபேசி போயிருக்கும், ரொக்கம் போயிருக்கும், ஆள் பிணையில் இருப்பார். என்ன எடுத்தார்கள் என்று காட்ட ஒரு தாள் மட்டும் கையில் இருக்காது. தாள் கொடுக்கப்படவில்லையா, கொடுத்ததை அவர் தொலைத்துவிட்டாரா, அறைத்தோழர் வாங்கி வைத்தாரா என்பதைக்கூட அவரால் சொல்ல முடியாது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆங்கிலம் வராது, சட்டம் தெரியாது, பெர்மிட் போய்விடுமோ என்ற பயத்தில் வாய் எழாது. நீங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. உங்களுக்கு ஆங்கிலம் வரும், இந்த ஊரின் சட்டதிட்டத்தோடு பழக்கம் உண்டு, அரசாங்க அலுவலகத்தில் நின்று பேசக் கூச்சம் கிடையாது. அதனால்தான் அவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில், உங்களில் பலர் கொண்டிருக்கும் ஒரு நம்பிக்கையைக் களைய வேண்டும். "சோதனை முறையா நடக்கலன்னா கேஸ் நிக்காது, கோர்ட்ல பாத்துக்கலாம்" என்று சொல்கிறீர்கள். ஆங்கிலப் படங்களில் அப்படித்தான் வரும். அமெரிக்காவில் அதற்கு அடிப்படையும் உண்டு. அந்நாட்டு அரசமைப்பின் நான்காம் திருத்தம் நியாயமற்ற சோதனைக்கும் பறிமுதலுக்கும் எதிராக மக்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. கிளீவ்லாந்து நகரில் டாலரீ மாப் என்ற பெண்ணின் வீட்டுக்குள் முறையான ஆணை இல்லாமல் புகுந்து எடுத்த பொருள்களைக் கொண்டு அவரைத் தண்டித்தது செல்லாது என்று 1961-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படிக் கிடைத்த சான்றை மாநில நீதிமன்றங்களும் ஏற்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பில் நிலைபெற்றது.

சிங்கப்பூர்ச் சட்டம் வந்த வழி வேறு. நம் அரசமைப்பின் 9-ஆம் பிரிவு ஆளின் சுதந்திரத்தைக் காக்கிறது. கைதானவருக்குக் காரணம் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும், 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வீட்டையோ பையையோ சோதிப்பதைப் பற்றி அதில் தனியாக ஒரு வரி இல்லை. சான்று விஷயத்தில் நமக்கு வந்து சேர்ந்தது, 1955-இல் லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு கென்ய வழக்கில் வகுத்த விதி. குருமா என்பவர் சைக்கிளில் போகும்போது சாலைத் தடுப்பில் நிறுத்தப்பட்டார். அவசரகால விதிகளின்படி சோதனையிடும் அளவுக்குப் பதவி இல்லாத காவலர்கள் அவரைச் சோதித்து, இரண்டு தோட்டாக்களும் ஒரு பேனாக்கத்தியும் கிடைத்ததாகச் சொன்னார்கள். அந்தக் கத்தி நீதிமன்றத்துக்கு வரவே இல்லை. ஆனாலும், சான்று வழக்குக்குப் பொருத்தமானதா என்று பார்த்தால் போதும், அது எப்படிக் கைக்கு வந்தது என்று நீதிமன்றம் பார்க்க வேண்டியதில்லை என்று சொல்லி, மரண தண்டனைக்கு எதிரான அவருடைய மேல்முறையீட்டைப் பிரிவி கவுன்சில் தள்ளுபடி செய்தது.

1994 வரை அந்தப் பிரிவி கவுன்சில்தான் நமக்கும் இறுதி மேல்முறையீட்டு மன்றம். 2007-இல் சட்டச் சங்கம் ஒரு வழக்கறிஞர்மீது தொடுத்த வழக்கில் நம் நீதிபதிகள் மூவர் அந்தக் குருமா வழக்கு விதியை மறுபடி அலசினார்கள். முறைகேடாகக் கிடைத்தது என்பதற்காக மட்டும் ஒரு சான்றை ஒதுக்க முடியாது. அதன் சான்று மதிப்பைவிட அது விளைவிக்கும் பாதகம் மிகுந்திருந்தால்தான் ஒதுக்கலாம் என்பது அவர்கள் எடுத்த முடிவு. 2011-இல் முகம்மது பின் காதர் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கதவைச் சற்று அகலத் திறந்தது. விதிகளை மீறிப் பதிவு செய்த வாக்குமூலங்களை நம்ப முடியாது என்று ஒதுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. கொலைக் குற்றம் சாட்டப்பட்டிருந்த சகோதரர் இருவரில் ஒருவர் விடுதலையானார். ஆனால் அந்த வழக்கு வாக்குமூலத்தைப் பற்றியது. ஒருவருடைய பையில் போதைப்பொருள் கிடைத்தால், பையைத் திறந்த முறை தவறு என்பதால் மட்டும் அந்தப் பொருள் வழக்கிலிருந்து மறைந்துவிடாது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சோதனை வேளையில் விட்டதை நீதிமன்றத்தில் மீட்பது மிகக் கடினம்.

"வாரண்ட் இருக்கா?" என்று கேட்டு வாசலை மறிப்பதும் உதவாது. வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றங்களில், சட்டம் குறிப்பிடும் சூழல்களில், வாரண்ட் இல்லாமல் சோதனையிடவும் காவல்துறைக்கு அதிகாரம் உண்டு. போதைப்பொருள் வழக்குகளில் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவுக்கும் அந்த அதிகாரம் உண்டு. 2024 பிப்ரவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம் காவல்துறையின் சோதனை அதிகாரத்தை மேலும் விரித்திருக்கிறது. வழக்கறிஞரும் அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்க மாட்டார். கைதானவருக்கு வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமை உண்டு, ஆனால் கைதான உடனே கிடைத்தாக வேண்டிய உரிமை அது அன்று, நியாயமான கால அளவுக்குள் கிடைத்தால் போதும் என்பதே 2014-இல் ஜேம்ஸ் ராஜ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்த நிலை. ஆக, பெட்டி திறக்கப்படும் நேரத்திலும் முதல் வாக்குமூலம் எழுதப்படும் நேரத்திலும் அந்தத் தம்பி தனியாகத்தான் இருக்கப்போகிறார்.

அப்படியானால் சட்டம் அவரைக் கைவிட்டுவிட்டதா? இல்லை. அந்த இடத்தில், அந்த நேரத்தில் செய்ய வேண்டியவற்றைச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவை ஒருமுறை படியுங்கள். சோதனை செய்பவர், எடுத்த பொருள்கள் அனைத்துக்கும் பட்டியல் தயாரித்துக் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொரு பொருளும் எந்த இடத்தில் கிடைத்தது என்று அதில் குறிக்க வேண்டும். அந்த இடத்தில் குடியிருப்பவரோ அவர் சார்பில் இன்னொருவரோ சோதனை முடியும்வரை உடனிருக்கலாம். கையெழுத்திட்ட பட்டியலின் நகல் அவருக்குக் கொடுக்கப்பட வேண்டும். பெண்ணைச் சோதிக்க வேண்டியிருந்தால் பெண் அதிகாரிதான், அதுவும் கண்ணியம் குறையாமல், சோதிக்க வேண்டும் என்பது வேறொரு பிரிவில் வரும் பொது விதி.

"அவர் சார்பில் இன்னொருவர்" என்ற இடத்தைக் கவனியுங்கள். புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வந்திருக்கும் ஊழியர்களுக்குத் தெரிந்த முறை வேறு. அங்கே ஒரு வீட்டைச் சோதித்தால் அக்கம்பக்கத்தார் இருவரைச் சாட்சியாக அழைத்து, எடுத்ததைப் பதிவு செய்யும் மகஜர் எழுதி, அவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சோதனையையும் பறிமுதலையும் காணொளியில் பதிவு செய்யச் சொல்கிறது. அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. மகஜர் சாட்சிகள் பிறழ்வதையும் எழுதாத தாளில் கையெழுத்துப் போட்டதையும் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் தெருவிலிருந்து இருவரைக் கூப்பிட வேண்டிய கடமை அங்கே அதிகாரிக்கு உண்டு. இங்கே அப்படி அழைக்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. குடியிருப்பவர் சார்பில் வந்து நிற்க ஒருவர் முன்வந்தால்தான் உண்டு. நம் வட்டாரத்தில் அந்த ஒருவர் நீங்களாக இருக்க முடியும். இருப்பதில்லை.

ஒரு தாளும் ஒரு சாட்சியும் இருந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். பார்த்தி லியானி வழக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சாங்கி விமான நிலையக் குழுமத்தின் தலைவராக இருந்த லியூ மன் லியோங்கின் வீட்டில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டு வேலை பார்த்த இந்தோனேசியப் பணிப்பெண் அவர். 2016 அக்டோபர் 28 அன்று திடீரென வேலையிலிருந்து நீக்கப்பட்டார். மூட்டை கட்ட அவருக்குக் கிடைத்தது சில மணி நேரம். ஊருக்கு அனுப்பச் சொல்லிப் பெரிய அட்டைப்பெட்டிகளை விட்டுச்சென்றார். அவர் போன பிறகு அந்தக் குடும்பம் பெட்டிகளைத் திறந்து பார்த்தது, அக்டோபர் 30 அன்று திருட்டுப் புகார் கொடுத்தது. டிசம்பர் 2 அன்று சிங்கப்பூர் திரும்பிய பார்த்தி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். காவல்துறை அந்த வீட்டுக்குப் போய்ப் பொருள்களைப் பார்த்தது மறுநாள், அதாவது புகார் வந்து ஐந்து வாரம் ஆன பிறகு. அதுவரை பொருள்கள் புகார் கொடுத்தவர்கள் வீட்டிலேயே, அவர்கள் கைக்கு எட்டும்படி இருந்தன.

2019 மார்ச்சில் மாவட்ட நீதிமன்றம் அவருக்கு 26 மாதச் சிறை விதித்தது. 2020 செப்டம்பர் 4 அன்று உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சான் செங் ஓன் அவரை எல்லாத் திருட்டுக் குற்றச்சாட்டிலிருந்தும் விடுவித்தார். தீர்ப்பில் அவர் எடுத்துக்காட்டிய காரணங்கள் பல. பெட்டியில் கிடைத்ததாகச் சொன்ன பொருள்களும் பிறகு படம் எடுத்த பொருள்களும் ஒன்றுதான் என்று சந்தேகமின்றி நிறுவ முடியவில்லை. அவை யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின என்ற தொடர்ச்சி அறுந்திருந்தது. பார்த்தி பேசுவது இந்தோனேசிய மொழி, வாக்குமூலம் எழுதிய அதிகாரி பேசியது மலாய், முறையான மொழிபெயர்ப்பாளர் இல்லை. இதெல்லாம் வெளிவர அவருக்கு ஏறத்தாழ நான்கு ஆண்டு பிடித்தது. ஹோம் என்ற தொண்டு அமைப்பு அவருக்குத் தங்க இடம் கொடுத்தது, வழக்கறிஞர் அனில் பால்சந்தானி கட்டணம் வாங்காமல் வாதாடினார். விசாரணையில் குறைபாடு இருந்ததை அதே ஆண்டு நவம்பரில் அப்போதைய சட்ட, உள்துறை அமைச்சர் கா. சண்முகம் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த வழக்கில் எடுபட்டது, எந்தப் பொருள், எங்கே, யார் கையில், எந்த நாள் இருந்தது என்ற கணக்கு. நம் நாட்டு நீதிமன்றத்தில் ஓர் ஏழைக்குக் கைகொடுப்பது அந்தக் கணக்குதான். முறையான பட்டியல் இருந்தால் திருடியவன் தப்ப முடியாது, திருடாதவனை மாட்டிவைக்கவும் முடியாது. ஒழுங்காக வேலை செய்யும் காவல் அதிகாரிக்கும் அதுதான் கவசம். "பெட்டியில் இரண்டாயிரம் வெள்ளி இருந்தது, ஐந்நூறுதான் காட்டுகிறார்கள்" என்று பிற்பாடு யாரும் அவர்மீது பழி போட முடியாது. பட்டியலைக் கேட்பது காவல்துறைக்கு எதிரான செயல் என்று நினைக்காதீர்கள். சட்டம் அவர்களிடம் எதிர்பார்ப்பதைத்தான் நீங்களும் எதிர்பார்க்கிறீர்கள்.

இந்த வட்டாரத்துக்கு இது கூடுதலாகத் தேவைப்படுவதற்கும் காரணம் இருக்கிறது. 2013 டிசம்பர் 8 இரவை உங்களில் பலர் கடைக்குள்ளிருந்து பார்த்தீர்கள். ரேஸ் கோர்ஸ் சாலையில் ஒரு தனியார் பேருந்தில் சிக்கிச் சக்திவேல் குமாரவேலு என்ற தமிழ்நாட்டு ஊழியர் உயிரிழந்தார், கலவரம் மூண்டது. 25 பேர்மீது நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டது. 57 பேர் நீதிமன்ற விசாரணை இல்லாமலே ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2014 ஏப்ரல் 1 முதல் ஓராண்டுக்கு ஒரு தற்காலிகச் சட்டம் லிட்டில் இந்தியாவைச் சிறப்பு வட்டாரமாக்கி, வருவோர் போவோரைச் சோதிக்கக் காவல்துறைக்குக் கூடுதல் அதிகாரம் கொடுத்தது. அது முடிந்த கையோடு 2015 ஏப்ரலில் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது; கேலாங்கும் லிட்டில் இந்தியாவும் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்களாயின. கலவரத்தை நான் நியாயப்படுத்தவில்லை. அமைதி திரும்பியதில் உங்களைப் போலவே எனக்கும் நிம்மதி. ஆனால் அந்த ஆண்டுகளிலிருந்து இங்கே ஒரு பழக்கம் ஊறிவிட்டது. பையைத் திறக்கச் சொன்னால் திறப்பது, கேள்வி கேட்காமல் இருப்பது, பார்த்தும் பாராததுபோல் நடப்பது. ஊழியர்களுக்கு அது வேறு வழியில்லாத பழக்கம். உங்களுக்கு அது வசதியான பழக்கம். இதுதான் உங்கள்மேல் எனக்கு இருக்கும் முதல் வருத்தம்.

இரண்டாவது வருத்தம் இதைவிடப் பெரிது. உங்களில் சிலர் நீங்களே சோதனையும் பறிமுதலும் செய்கிறீர்கள். கல்லாவில் பணம் குறைந்தால் ஊழியர் அறைக்குப் போய்ப் பெட்டிகளைக் கொட்டுகிறீர்கள். கைத்தொலைபேசியைப் பிடுங்கி வாட்ஸ்அப்பைப் புரட்டுகிறீர்கள். "பத்திரமா இருக்கட்டும்" என்று கடப்பிதழை வாங்கி மேசை அறையில் வைத்துப் பூட்டுகிறீர்கள். உங்களுக்குக் காவல்துறையின் அதிகாரம் எதுவும் கிடையாது. வேலை அனுமதி அட்டையை முதலாளி தம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது மனிதவள அமைச்சின் விதி. அடுத்தவர் கடப்பிதழைத் தடுத்து வைப்பது கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். சட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டே பேசுவோம்: திருட்டு நடந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் பெட்டியைக் கலைத்துவிட்ட பிறகு அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று யார் நிறுவுவது? பார்த்தி லியானி வழக்கில் நடந்தது உங்கள் கடையிலும் நடக்கும். நிரபராதி சிறைக்குப் போகலாம், உண்மைத் திருடன் விடுதலையாகலாம். சந்தேகம் இருந்தால் எதையும் தொடாமல் காவல்துறையை அழையுங்கள்.

பறிமுதலான பொருளின் பின்கதையையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நமக்குக் கைத்தொலைபேசி போனால் மறுநாள் வேறொன்று வாங்குவோம். ஓர் ஊழியருக்கு அதில்தான் சிங்பாஸ், வங்கிக் கணக்கு, ஊருக்குப் பணம் அனுப்பும் செயலி, மனைவியின் குரல், முதலாளி கொடுக்காத ஓவர்டைம் சம்பளத்துக்குச் சாட்சியான குறுந்தகவல்கள் எல்லாம் இருக்கின்றன. அதைத் திறந்து பார்க்கவும் கடவுச்சொல்லைக் கேட்கவும் விசாரணை அதிகாரிக்குச் சட்டம் அதிகாரம் கொடுக்கிறது, மறுப்பது குற்றமாகலாம். ஆனால் எடுத்ததைக் காலவரையின்றி வைத்திருக்க அதே சட்டம் விடுவதில்லை. விசாரணைக்கு இனித் தேவையில்லை என்று ஆகும்போதோ, பறிமுதலாகி ஓராண்டு ஆகும்போதோ, எது முந்தி வருகிறதோ அப்போது மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை கொடுத்தாக வேண்டும் என்கிறது 370-ஆம் பிரிவு. தன் வங்கி அட்டையைக் கூட்டாளியிடம் கொடுத்து மோசடி வழக்கில் மாட்டிக் கணக்கு முடக்கப்பட்ட ஊழியர்களும் இங்கே உண்டு. உணவு, வாடகை, மருந்து போன்ற அடிப்படைச் செலவுக்காக முடக்கிய பணத்தில் ஒரு பகுதியை விடுவிக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்க 35-ஆம் பிரிவு வழி விடுகிறது. இவற்றில் எதைக் கேட்பதானாலும் முதலில் கையில் வேண்டியது அந்தப் பட்டியல். பொருள் எடுக்கப்பட்ட நாளே தெரியாதவர் ஓராண்டை எங்கிருந்து எண்ணுவார்?

மொழியையும் சொல்ல வேண்டும். வாக்குமூலத்தை எழுதியவர் அதைத் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். ஆங்கிலம் புரியாதவருக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கையெழுத்து. தவறு இருந்தால் திருத்தச் சொல்லலாம். இதுவும் சட்டத்தில் இருப்பதுதான். "தமிழில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் அப்படிக் கேட்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அரைகுறை ஆங்கிலத்தில் "யெஸ் சார்" என்று தலையாட்டுகிறார்கள். எழுதியது என்ன என்று தெரிந்து சொன்ன "யெஸ்" அன்று அது. அந்தத் தலையாட்டல் பல மாதம் கழித்து வாக்குமூலமாக நீதிமன்றத்தில் வந்து நிற்கும்.

நீங்கள் சொல்லப்போகும் மறுப்புகளும் எனக்குத் தெரியும். "நமக்கு எதுக்கு வம்பு? கடை லைசென்ஸ் இருக்கு." உடனிருப்பது வம்பு என்றால் சட்டம் அதற்கு இடம் வைத்திருக்காது. மறிக்காதீர்கள், குரல் உயர்த்தாதீர்கள், பொருளைத் தொடாதீர்கள், யாருக்கும் செய்தி அனுப்பாதீர்கள். கடமையைச் செய்யும் அதிகாரியைத் தடுப்பது குற்றம். நின்று பார்ப்பதும், முடிந்ததும் நகல் கேட்பதும் குற்றம் அன்று. "குற்றவாளிக்கு வக்காலத்து வாங்கச் சொல்றீங்களா?" என்பீர்கள். அவர் குற்றவாளியா இல்லையா என்று சொல்ல நீதிமன்றம் இருக்கிறது. அந்த முடிவு சரியாக வர வேண்டுமானால் அங்கே போகும் சான்று சுத்தமாக இருக்க வேண்டும். "அது அவங்க அறை, நமக்குச் சம்பந்தமில்ல" என்று சொல்லவும் உங்களால் முடியாது. வாடகையை வாங்குகிறீர்கள், மாற்றுச்சாவி உங்களிடம் இருக்கிறது, கதவைத் திறந்துவிட்டவரும் நீங்கள்தான்.

இன்னொன்றும் உங்கள் பொறுப்பில் வரும். பயந்த ஊழியர்தான், காவல் அதிகாரிபோல் நடித்துப் பணம் பறிப்பவர்களுக்கு எளிதான இரை. சீருடையில்லாமல் வருபவரிடம் வாரண்ட் கார்டைக் காட்டச் சொல்லலாம். அதைப் பார்த்துப் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளலாம். சந்தேகம் தீராவிட்டால் 1800-255-0000 என்ற எண்ணில் காவல்துறையையே அழைத்து உறுதிசெய்யலாம். உண்மையான அதிகாரி இதற்கு வருத்தப்பட மாட்டார். கார்டைக் கேட்கும் பழக்கம் உங்கள் கல்லாவில் தொடங்கினால் மேல்மாடிக்கும் பரவும்.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவன இவை.

உங்கள் இடத்தில் சோதனை நடந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். அறையில் குடியிருப்பவர் இருந்தால் அவர் அருகில் நில்லுங்கள். இல்லாவிட்டால் அவர் சார்பில் நில்லுங்கள். அதிகாரியின் பெயர், காவல் பிரிவு, வந்த நேரம், போன நேரம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். எடுத்த பொருள்களின் பட்டியல் நகலை மரியாதையோடு கேளுங்கள். ரொக்கமானால் எத்தனை வெள்ளி, கைத்தொலைபேசியானால் எந்த வகை, எந்த இடத்தில் கிடைத்தது என்று அதில் இருக்கிறதா என்று பார்த்து, அந்தத் தம்பிக்குத் தமிழில் படித்துச் சொல்லுங்கள். அவரிடம் ஒரு நகலும் உங்கள் கோப்பில் ஒரு நகலும் இருக்கட்டும். ஆள் கைதானால் குடும்பத்துக்குச் சொல்லுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாத வெளிநாட்டு ஊழியர்களும் குற்றவியல் சட்ட உதவித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம்; அந்தப் படிவத்தை நிரப்பக் கைகொடுங்கள். மேசையில் பூட்டியிருக்கும் கடப்பிதழ்களை இன்றே உரியவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

தனித்தனியாகச் செய்ய உங்களுக்குத் தயக்கம் இருக்கும் என்று தெரியும். அதனால் சேர்ந்து செய்யுங்கள். லிட்டில் இந்தியா கடைக்காரர்கள், மரபுடைமைச் சங்கமான லிஷாவின் உறுப்பினர்கள் உங்களில் பலர். ஒரே ஒரு பக்கத்தில், எளிய தமிழில், வங்காளத்திலும் சேர்த்து, சோதனையின்போது ஊழியருக்கு உள்ள உரிமைகளையும் கடமைகளையும் அச்சிடச் சங்கத்தைக் கேளுங்கள். ஒரு வழக்கறிஞரைக் கொண்டு சரிபாருங்கள். கம்போங் கப்போர் சாலையில் இருக்கும் ரோச்சோர் அக்கம்பக்கக் காவல் நிலையத்துக்கு அதை எடுத்துச் சென்று காட்டி, இதைத்தான் எங்கள் கடைகளில் ஒட்டப்போகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஒளிக்க இதில் எதுவும் இல்லை. ரோவெல் ரோட்டிலும் டெஸ்கர் ரோட்டிலும் வீராசாமி ரோட்டிலும் டன்லப் தெருவிலும் உணவகத்தின் கைகழுவும் இடத்துக்கு மேலும், மாடிப்படி ஏறும் இடத்திலும், அறைக் கதவின் உட்புறத்திலும் அது ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

ஆண்டுதோறும் தீபாவளிக்குச் சிராங்கூன் சாலை நெடுக விளக்கேற்ற நீங்கள் ஒன்றுகூடுகிறீர்கள். அதற்குச் சங்கம் உண்டு, குழு உண்டு, நன்கொடை உண்டு, காவல்துறையோடு அமர்ந்து பேசும் கூட்டமும் உண்டு. அதே குழுவைக் கொண்டு, அதே கூட்டத்தில், இந்த ஒரு பக்கத் தாளையும் முடித்துவிட முடியும். வரும் தீபாவளி விளக்கேற்றத்துக்கு முன் அது ஒவ்வொரு கடையிலும் ஒட்டப்பட வேண்டும். தமிழில் எழுதித் தரவும், வேண்டிய இடத்தில் படித்துச் சொல்லவும், சோதனை நடந்த மறுநாள் வந்து பட்டியலைச் சரிபார்க்கவும் என்னைப் போன்றவர்கள் இந்த வட்டாரத்தில் இருக்கிறோம். அழைத்தால் வருகிறோம். ஆனால் சோதனை நடக்கும் அந்த நேரத்தில் அங்கே இருக்கப்போகிறவர்கள் நீங்கள். உடனிருங்கள், பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

அன்புடனும் நம்பிக்கையுடனும்,
ஜாலான் புசார் வட்டாரவாசி ஒருவர்